போர் தொட்ட வீரர்களுக்குக் குவில்ட் தைக்கும் தொண்டு: 'க்வில்ட்ஸ் ஆஃப் வேலர்' – ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் நேரம் கொடுத்துச் செய்யக்கூடிய தொண்டுகள் பல உண்டு. அவற்றில் 'க்வில்ட்ஸ் ஆஃப் வேலர்' அறக்கட்டளைக்குக் குவில்ட் தைப்பது மிகக் கறாரானது. குவில்ட் என்பது துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காக வைத்து, மேல்தையல் போட்டுச் சேர்க்கும் போர்வை. அளவுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கையும் ஆங்காங்கே நூல் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாது; கையாலோ மெஷினாலோ முழுக்கத் தைத்திருக்க வேண்டும். பெயர்ச்சீட்டு கட்டாயம். வீரர் கையில் சேர்ந்த பிறகு அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். இதையெல்லாம் கேட்டதும் "தர்மத்துக்குக் கொடுக்கிற பொருளுக்கு இத்தனை சட்டமா?" என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டங்கள்தான் இந்தத் தொண்டின் பெரிய பலம் என்பது எங்கள் முடிவு. காயம்பட்டுத் திரும்பிய ஒருவர் இதைச் சுவரில் மாட்டி வைக்கப் போவதில்லை. போர்த்திக்கொண்டு தூங்குவார், சோபாவில் மடியில் போட்டுக்கொள்வார், காப்பி சிந்துவார், வாராவாரம் துவைக்கப் போடுவார். பல வருடம் அப்படி உழைக்க வேண்டிய பொருளை ஏனோதானோ என்று தைத்துக் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2003ல் டெலவேர் மாநிலத்தின் சீஃபோர்டில் கேத்தரின் ராபர்ட்ஸ் என்பவர் இதைத் தொடங்கினார். அவருடைய மகன் அப்போது இராக்கில் ஹம்வீ வண்டியில் துப்பாக்கி வீரராக இருந்தார். முதல் குவில்ட் அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், இராக்கில் காலை இழந்த மினசோட்டா இளைஞர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. இன்று அமைப்பின் தலைமையகம் அயோவா மாநிலத்தின் வின்டர்செட்டில் இருக்கிறது. இதுவரை கொடுக்கப்பட்ட குவில்ட்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டன. தொடக்கத்தில் இராக், ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவர்கள்தான் கண்ணில் இருந்தார்கள். இப்போது போர் தொட்ட, அதாவது போரின் தாக்கம் பட்ட படைவீரர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் கொடுக்கிறார்கள். வியட்நாம் போரில் இருந்து திரும்பியபோது ஒரு நல்ல வார்த்தைகூடக் கேட்காதவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இதைப் பெறுகிறார்கள். இந்த மாற்றம் மிகச் சரியானது.

முதலில் அளவு. குறைந்தது 55 x 65 அங்குலம், அதிகம் 72 x 90 அங்குலம், ஏற்றது 60 x 80. வளர்ந்த ஆள் ஒருவர் தோளில் இருந்து கால்வரை போர்த்திக்கொள்ளும் அளவு இது. குழந்தைப் போர்வை அளவில் ஒன்றைத் தைத்துவிட்டு "இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. பெறப்போகிறவர் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்று முன்கூட்டியே தெரிந்தால், எங்கள் பரிந்துரை கீழ்வரம்பை ஒட்டித் தைப்பது. 80 அங்குல நீளம் நாற்காலியில் உட்கார்ந்தவரின் மடியில் இருந்து வழிந்து சக்கரத்தில் சிக்கும்.

நிறம் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. பழுப்பும் பச்சையும் கலந்த குவில்ட்டும் ஏற்றதுதான். ஆனால் கொடியையே அப்படியே குவில்ட்டாகத் தைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கொடியை உடையாகவோ படுக்கையாகவோ திரையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடிச் சட்டம் சொல்கிறது. தண்டனை இல்லாத சட்டம் என்றாலும், அதை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த வீரர்கள்தான். கொடியின் மேல் உட்காரவோ காலை நீட்டவோ அவர்களுக்கு மனம் வராது. குவில்ட் அலமாரிக்குள் போய்விடும். நட்சத்திரங்களைத் தனியாகவும் பட்டைகளைத் தனியாகவும் வைத்து அமைத்தால் சிக்கல் இல்லை. பீரங்கி, வெடிப்பு, போர்க்களக் காட்சி அச்சிட்ட துணிகளும் வேண்டாம். பெறுபவர் யார் என்று தெரியாதபோது ஒரே ஒரு படைப்பிரிவின் சின்னம் போட்ட துணியும் வேண்டாம்: கடற்படைக்காரருக்குத் தரைப்படைச் சின்னம் போய்ச் சேரும்.

துணி 100% பருத்தியாக, குவில்ட்டுக்கென்றே விற்கும் தரத்தில் இருக்கட்டும். விரலால் தேய்த்துப் பார்த்தால் இழைகள் விலகி வெளிச்சம் தெரிகிற மலிவுத் துணி, பத்துத் துவைப்புக்குள் தையலை ஒட்டியே கிழியும். அடித்துணிக்குப் படுக்கை விரிப்பைப் போடுவது அடுத்த தவறு. விரிப்பின் நெசவு மிக நெருக்கம். ஊசி குத்தும்போது இழை விலகிக் கொடுக்காமல் அறுபடும், தையலும் தாண்டித் தாண்டி விழும்.

முதல் குவில்ட்டுக்கு மூன்று பட்டைகளைச் சேர்த்து ஒரு சதுரக் கட்டம் ஆக்கும் ரெயில் ஃபென்ஸ் வடிவத்தைத்தான் சொல்வோம். ஒரு கட்டத்தில் பட்டைகள் நெடுக்காகவும் அடுத்த கட்டத்தில் குறுக்காகவும் வரும்படி மாற்றி மாற்றி வைப்பதால், கட்டங்களின் மூலைகளைத் தவிர வேறெந்த முனையையும் பொருத்த வேண்டியதில்லை. நட்சத்திர வடிவங்கள் பார்க்க அழகு. ஆனால் முக்கோணங்களின் சாய்ந்த வெட்டு விளிம்பு இழுபடும், முனைகள் மழுங்கும். அதை இரண்டாவது குவில்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி. தைத்து முடிந்ததும் 9 அங்குலம் வரும் கட்டங்கள், அகலத்தில் 6, நீளத்தில் 8, மொத்தம் 48. அது 54 x 72. சுற்றிலும் 3 அங்குலக் கரைப்பட்டை வைத்தால் 60 x 78. துணியின் அகலத்தில் பயன்படும் இடம் 40 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் 3½ அங்குலப் பட்டைகள் 12 வெட்ட வேண்டும். 42 அங்குலத் துணி. ஓரம் நேராக்க இடம் விட்டு ஒரு நிறத்துக்கு 1⅓ கஜம் வாங்குங்கள். மூன்று பட்டைகளை நீளவாட்டில் சேர்த்தால் 9½ அங்குல அகலப் பட்டி கிடைக்கும். அதை 9½ அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் ஒரு பட்டியில் 4 கட்டங்கள், 12 பட்டியில் 48. சுற்றுக் கரைப்பட்டைக்கு 3½ அங்குலத்தில் 7 பட்டைகள், முக்கால் கஜம். மூன்று அடுக்கின் வெளி ஓரத்தையும் மடித்து மூடும் ஓரப்பட்டிக்கு 2½ அங்குலத்தில் 8 பட்டைகள், ⅝ கஜம். அடித்துணி வழக்கமான அகலத்தில் 5 கஜம். 108 அங்குல அகலத்தில் கிடைத்தால் 2 கஜம் போதும், நடுவில் மூட்டும் வராது. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, 72 x 90 அங்குலத்தில் 'ட்வின்' என்று கட்டி விற்பதே சரியாகப் போதும்.

இனி எல்லாரையும் கவிழ்க்கும் இடம்: கால் அங்குலத் தையல் விளிம்பு, அதாவது தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம். மெஷினில் கால் அங்குலம் என்று போட்டிருக்கும் கோட்டை நம்பித் தைத்தால் போதாது. தைத்த துணியை மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பும் நூலின் பருமனும் சேர்ந்து ஒரு இழை அளவு துணியை விழுங்கிவிடும். அதனால் விளிம்பு கால் அங்குலத்தைவிட ஒரு இழை குறைவாக வரும்படி தைக்க வேண்டும். சோதனை எளிது. 1½ அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும், மொத்தம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியின் இடத்தை நகர்த்தி மறுபடியும் சோதியுங்கள். சரியாக வந்த இடத்தில் மெஷின் தட்டின்மேல் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி வைத்துக்கொண்டால், கண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? விளிம்பு அரை நூல் (1/16 அங்குலம்) கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டில் இரண்டு துணிகள் என்பதால் ஒரு நூல் (⅛ அங்குலம்) போகும்; ஒரு பட்டியில் இரண்டு மூட்டு, ஆக கால் அங்குலம். பட்டியின் அகலம் 9¼ ஆகிவிட்டது, நீங்களோ கணக்குப்படி 9½க்கு வெட்டுகிறீர்கள். கட்டம் சதுரமாக இராது. நெடுக்குக் கட்டத்தைக் குறுக்குக் கட்டத்தோடு சேர்க்கும்போது ஒன்று நீண்டு நிற்கும். அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் மேல்துணி முழுக்க மேடும் பள்ளமுமாகும். இதற்குத் தீர்வு, தையலைப் பிரிப்பது அன்று. முதல் பட்டியைத் தைத்ததும் அதன் அகலத்தை அளந்து, அந்த அளவுக்கே எல்லாக் கட்டங்களையும் வெட்டுங்கள். எல்லாம் 9¼ என்றால் எல்லாமே 9¼ ஆக இருக்கட்டும். மேல்துணியின் அகலம் 2 அங்குலத்துக்குமேல் குறையும். கரைப்பட்டை சேர்ந்ததும் கீழ்வரம்பைத் தாண்டித்தான் நிற்கும். அளவு கொஞ்சம் குறைந்தாலும் தட்டையாகக் கிடக்கும் குவில்ட்தான் நல்ல குவில்ட்.

இணைப்புக்கு 50 எண் பருத்தி நூல், 80/12 ஊசி, தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். நீளத் தையல் போட்டால் கட்டத்தைக் குறுக்கே வெட்டும்போதே முனைகள் பிரியும். புதுக் குவில்ட்டுக்குப் புது ஊசி. மழுங்கிய ஊசி டக் டக் என்று சத்தம் போட்டுச் சொல்லும், கேட்டதும் மாற்றிவிடுங்கள். இஸ்திரி போடும்போது பெட்டியைத் துணிமேல் இழுக்காமல் வைத்து எடுங்கள், இழுத்தால் பட்டி வில்லாக வளையும். வெள்ளைப் பட்டை நடுவில் இருந்தால் மூட்டுகளை இரண்டு பக்கமும் அடர்நிறத்தை நோக்கியே மடியுங்கள். வெள்ளைக்கு அடியில் சிவப்பு விளிம்பு போனால் மேலே நிழலாடும்.

கரைப்பட்டை வைப்பதில் ஒரு பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது: நீளமான பட்டையை மேல்துணியோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதை நறுக்கிவிடுவது. மெஷினின் பல் கீழே இருக்கும் துணியை ஒரு வேகத்திலும் மேலிருப்பதை இன்னொரு வேகத்திலும் இழுக்கும். பட்டை ஒரு அங்குலம் கூடுதலாகவே உள்ளே போய்விடும்; விளிம்பு அலை அலையாக நிற்கும். தரையில் விரித்துப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டத்தில் (ஃபிரேமில்) ஏற்றி மேல்தையல் போடுகிறவர் அதைத் தட்டையாக்க வழியில்லாமல் கொசுவம் வைத்துத்தான் தைக்க வேண்டிவரும். ஆகவே நீளத்தை நடுவிலும் இரு பக்கமும் என மூன்று இடத்தில் அளந்து, சராசரிக்குப் பட்டையை வெட்டி, நடுவையும் முனைகளையும் முதலில் குண்டூசியால் நிறுத்திவிட்டுத் தையுங்கள். நீளப் பக்கங்கள் முதலில், பிறகு அகலப் பக்கங்கள். கரைப்பட்டையே வைக்காத வடிவமாக இருந்தால், மேல்துணியைச் சுற்றி விளிம்பில் இருந்து ஒரு நூல் (⅛ அங்குலம்) தள்ளி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டத்தில் இழுக்கும்போது ஓரத்து மூட்டுகள் வாய் பிளக்கும்.

இந்த அமைப்பின் ஏற்பாடுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, லாங்ஆர்ம் மெஷின் (சட்டத்தில் ஏற்றிய குவில்ட்டின் மேல் நகர்ந்து மேல்தையல் போடும் பெரிய மெஷின்) வைத்திருக்கும் தன்னார்வலர்களோடு மேல்துணி தைப்பவர்களைச் சேர்த்துவிடுவது. வீட்டு மெஷினில் 60 x 80 அங்குலப் போர்வையை நுழைத்து மேல்தையல் போடுவது கழுத்தையும் தோளையும் பதம் பார்க்கும் வேலை. அதை இன்னொருவர் தன் மெஷினில், கூலி வாங்காமல் செய்து தருகிறார். அந்த உழைப்பை மதிக்கிற விதத்தில் நம் பொட்டலம் இருக்க வேண்டும். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் பெரியதாக, அதாவது நம் கணக்கில் 68 x 86, இருக்கட்டும். சட்டத்தில் பிடிமானத்துக்கும் இழுவைக்கும் அந்த இடம் தேவை. 5 கஜத்தை 90 அங்குலமாக இரண்டாக வெட்டி, சேரும் பக்கங்களின் நெசவுக் கரையை முழுதாக நறுக்கிவிட்டு, அரை அங்குல விளிம்பு வைத்து நெடுக்காக மூட்டுங்கள். நெசவுக் கரையை விட்டுவைத்தால் துவைத்தபின் அது தனியாகச் சுருங்கி, மூட்டு இழுத்துக்கொண்டு நிற்கும். மூட்டின் விளிம்பை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். பிறகு மூலைகளைச் செங்கோணமாக வெட்டி நேராக்குங்கள். கோணலான அடித்துணி உருளையில் ஏறி ஏறி ஒரு பக்கம் தொங்கிப்போகும். மிஞ்சும் நீளத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பெயர்ச்சீட்டுக்கும் குவில்ட்டை வைத்துக் கொடுக்கும் உறைக்கும் உதவும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துக் குத்தி அனுப்புவது உதவி என்று நினைக்கிறவர்கள் உண்டு. லாங்ஆர்மில் மூன்றும் தனித்தனியாக ஏறுகின்றன. நீங்கள் குத்தியதை எல்லாம் அவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டிவரும். தனித்தனியாக மடித்து, மேல்துணியிலும் அடித்துணியிலும் எது மேற்பக்கம் என்று சீட்டு குத்தி, பின்பக்கம் தொங்கும் நூல்களை எல்லாம் நறுக்கி அனுப்புங்கள். வெள்ளைக்கு அடியில் கிடக்கும் ஒரு சிவப்பு நூல், தைத்தபிறகு வெளியே எடுக்க முடியாத கோடாகத் தெரியும். பஞ்சு விரிப்பு யார் தருவது, தபால் செலவு யாருடையது, எப்போது திரும்பும் என்பதை அனுப்புமுன் பேசிவிடுங்கள். இந்தத் தொண்டில் வரும் மனத்தாங்கல்களில் பாதி இங்கே பேசாமல் விட்டதால் வருபவை.

பஞ்சு விரிப்பு மெலிதாக இருக்கட்டும். புசுபுசுவென்ற தடித்த விரிப்பு கனத்துப் பந்தாகும். பருத்தி 80, பாலியஸ்டர் 20 கலவை எடை குறைவு, துவைப்புக்கும் நிற்கும். தையல்களுக்கு இடையே எத்தனை அங்குலம்வரை விடலாம் என்பதை அதன் உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். அதைத் தாண்டினால் பஞ்சு உள்ளே இடம்பெயர்ந்து கட்டிகட்டியாகச் சேரும். முடிச்சுப் போட்டுக் கட்டியதிலும் இதே சிக்கல் வரலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: இண்டு இடுக்கு விடாமல் நெருக்கித் தைத்தால் விறைத்துப்போய் உடம்போடு ஒட்டாது. 3 அங்குல இடைவெளியில் ஓடும் எளிய வடிவம் போதும். வீட்டு மெஷினிலேயே செய்வதானால் வாக்கிங் ஃபுட் (அடுக்குகளை மேலும் கீழும் ஒரே சீராக நகர்த்தும் மிதி) பூட்டி, 4 அங்குலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்தி, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக நேர்கோடுகள் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஓரப்பட்டி இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். எந்தக் குவில்ட்டும் முதலில் நைவது ஓரத்தில்தான். இரண்டு அடுக்குத் துணி அங்கே இருந்தால் மேலடுக்கு போனாலும் கீழடுக்கு தாங்கும். 2½ அங்குலப் பட்டைகளைச் சாய்வாக மூட்டினால் மூட்டின் தடிமன் ஓரிடத்தில் சேராது. மூலைக்கு வரும்போது விளிம்புக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தித் துணியைத் திருப்புங்கள். அந்தக் கால் அங்குலத்தைத் தாண்டிப் போனால் மூலை கூர்மையாக மடியாது. பின்பக்கத்தைக் கையால் தைப்பது அழகுதான். ஆனால் கைத்தையல் நூல் ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்து விட்டுக்கொண்டே போகும். வாராவாரம் மெஷினில் துவைக்கப்போகும் போர்வைக்கு இரண்டு பக்கமும் மெஷின் தையல் என்பதே எங்கள் சிபாரிசு.

பெயர்ச்சீட்டைக் கடைசி நேர வேலையாக வைக்காதீர்கள். இது 'குவில்ட் ஆஃப் வேலர்' என்பதைக் குறிக்கும் சொற்கள், மேல்துணி தைத்தவர், மேல்தையல் போட்டவர், ஓரம் கட்டியவர், பெறுபவரின் பெயர், கொடுத்த தேதி, இடம் அனைத்தும் அதில் வர வேண்டும். பெறுபவர் யார் என்று முடிவாகாவிட்டால் அந்த வரிகளுக்கு இடம் விட்டுவையுங்கள். துணியில் எழுத, துவைத்தாலும் போகாத நிறமி மை கொண்ட பேனாவே சரி. சாதாரண மார்க்கர் துவைக்கத் துவைக்க மங்கும். எழுதி முடித்ததும் சூடான இஸ்திரி வைத்தால் மை இறுகும். சீட்டின் இரண்டு பக்கங்களை ஓரப்பட்டிக்குள் சேர்த்துத் தைத்துவிட்டால் பிய்க்க முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) பெண்கள் சானிட்டரி கமிஷன் என்ற படைவீரர் நல அமைப்பின் வழியாகப் படைவீரர்களுக்கு ஏராளமான குவில்ட்கள் அனுப்பினார்கள். அவை போர்க்களத்திலும் மருத்துவமனையிலும் கிழியும்வரை உழைத்தன. இன்று மிஞ்சியவை மிகச் சில. அவை எதற்காகத் தைக்கப்பட்டவை என்பது அவற்றின்மேல் இருக்கும் கமிஷன் முத்திரையாலும், தைத்தவர்கள் எழுதிவைத்த பெயர்களாலும்தான் தெரிகிறது.

கொடுக்குமுன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். அடர்சிவப்பும் கருநீலமும் வெள்ளைக்கு அருகில் இருக்கும் குவில்ட் சாயம் விடும் என்றே எண்ணிக்கொண்டு, சாயம் பிடிக்கும் தாள்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுங்கள். வெள்ளை ரோஸ் நிறமாகி வெளியே வந்தால் பதறி உலர்த்தியில் போட்டுவிடாதீர்கள். சூட்டில் கறை இறுகிப்போகும். ஈரம் காயவிடாமல், நிறைய வெந்நீரில் திரவ சோப்புக் கலந்து முழுதும் மூழ்க ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் போய்விடும். கடும் வாசனைச் சோப்பு வேண்டாம், சிகரெட் வாடையோ செல்லப்பிராணியின் முடியோ வேண்டாம். மருத்துவமனையில் இருப்பவருக்கு அது தும்மலோடு நிற்காது. குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். கால் உணர்வு இழந்த ஒருவர் ஊசி குத்துவதை அறியவே மாட்டார்.

குவில்ட்டை வைத்துக் கொடுக்கத் தலையணை உறை அளவில் ஒரு பை தைப்பது வழக்கம். தையலில் புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். ஓரப்பட்டி மடிப்பதும், துணி வெட்டுவதும், இஸ்திரி போடுவதும்கூட குழுக்களில் எப்போதும் ஆள் தேவைப்படும் வேலைகள். ஒன்றுமே தெரியாதவர்களை அனுபவசாலி ஒருவரோடு சேர்த்துவிடும் 'அண்டர் அவர் விங்ஸ்' என்ற திட்டமும் அமைப்பில் இருக்கிறது. அது மிக நல்ல ஏற்பாடு. ஒரு முழுக் குவில்ட்டை முதலில் இருந்து கடைசிவரை ஒருவர் கூட இருந்து சொல்லித் தருவதற்கு ஈடாக எந்த வீடியோவும் வராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். செலவு முழுக்கத் தைப்பவருடையது. மேலே சொன்ன கணக்கில் சுமார் பத்தரைக் கஜம் துணி. நல்ல பருத்தி கஜம் 12 முதல் 14 டாலர் விற்கிற நிலையில் பஞ்சு விரிப்பும் நூலும் சேர்ந்து 150 டாலரைத் தாண்டிவிடும். அமைப்பு வரிவிலக்குப் பெற்ற 501(சி)(3) அறக்கட்டளை என்பதால், துணிக்கும் தபாலுக்கும் கைக்காசு செலவழித்ததை வரிக் கணக்கில் நன்கொடையாகக் காட்ட வழி உண்டு, ரசீதுகளை வைத்திருங்கள். காரில் போய்வந்ததற்கு மைலுக்கு 14 சென்ட். உழைத்த நேரத்துக்கு மட்டும் எதுவும் காட்ட முடியாது. தனியாக வாங்கச் சிரமம் என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு குவில்ட் தைப்பது நல்ல வழி. ஒருவர் துணி, ஒருவர் இணைப்பு, ஒருவர் மேல்தையல், ஒருவர் ஓரம். அடுத்தது, காத்திருப்பு. ஒரு வீரரைப் பரிந்துரைத்துப் படிவம் அனுப்பினால் உடனே குவில்ட் வராது. தன்னார்வலர்கள் தைத்துத்தான் தர வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். உடல்நிலை மோசமாக இருக்கும் முதியவருக்கு என்றால் படிவத்தோடு நிற்காமல் உள்ளூர்க் குழுவிடம் நேரில் சொல்லுங்கள். மூன்றாவது, பொதுக் கையிருப்புக்குத் தைத்துக் கொடுத்தால், அது யாருக்குப் போனது என்று தெரியாமலே போகலாம். நன்றிக் கடிதம் எதிர்பார்த்துத் தைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். தெரிந்த வீரர் ஒருவருக்கென்றே தைத்து, நீங்களே பரிந்துரைத்து, நீங்களே வழங்கலாம்.

வழங்கும்போது குவில்ட்டை விரித்து வீரரின் தோளைச் சுற்றிப் போர்த்துவார்கள். செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்னால் வந்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டே போர்த்துங்கள். போரின் நினைவு இன்னும் உடம்பில் இருப்பவரின் முதுகுப் பக்கமாக வந்து திடீரெனத் துணி போட்டால் அவர் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். தோளிலோ கையிலோ காயமா என்று குடும்பத்தாரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் இரண்டு பேர் இருபக்கமும் பிடித்து எடை விழாமல் போர்த்தலாம். படம் எடுக்கவும், பெயரை வெளியிடவும் தனித்தனியாக அனுமதி வாங்குங்கள். எந்தப் போர், என்ன நடந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நாலு பேர் முன்னால் கொடுப்பது மேடை விழாவைவிட நன்றாக அமையும். துவைக்கும் முறையை ஒரு சிறு தாளில் எழுதி உறைக்குள் போடுங்கள்: குளிர்ந்த தண்ணீர், மென்மையான சுழற்சி, குறைந்த சூட்டில் உலர்த்தல், முதல் சில முறை சாயம் பிடிக்கும் தாள். "கெட்டுப்போகும் என்று எடுத்து வைக்காதீர்கள், தினமும் போர்த்துங்கள்" என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். இல்லையென்றால் பாதிப் பேர் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

சேர நினைப்பவர்களுக்கு நல்ல நாள், பிப்ரவரி மாதத்தின் முதல் சனிக்கிழமை வரும் தேசியத் தையல் நாள். அன்று நாடு முழுக்கக் குழுக்கள் கூடித் தைக்கின்றன, புதியவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. போகும்போது மெஷினோடு அதன் மின்கம்பியையும் கால்மிதியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையோ சாம்பலோ நூல் சுற்றிய பாபின் ஐந்தாறு, புது ஊசி, நூல் நறுக்கும் கத்தரி, தையல் பிரிக்கும் கருவி, எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒட்டிய சீட்டு. கால் அங்குலச் சோதனையை வீட்டிலேயே முடித்து, அளந்து பார்த்த அந்தத் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்; பல மெஷின்களில் தைத்த கட்டங்களை ஒரே குவில்ட்டில் சேர்க்கும்போது குழுவை நடத்துகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.